குழாய் இல்லாத அச்சுக்கூடங்கள்: ஸ்கிரீன் கழுவிய தண்ணீரின் கதை

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்துவிட்டால், மாணவர்கள் ஓடுவதற்கு முன்பே ஆசிரியர்களாகிய நாம் ஓடத் தொடங்கிவிடுவோம். இல்லத்துக்கு ஒரு நிறத்தில் ரீசேர்ட், அதில் இல்லத்தின் பெயர், பாடசாலையின் இலச்சினை. எங்கே மலிவாக அடிக்கலாம் என்று விசாரித்துக்கொண்டு போனால் கடைசியில் ஏதோவொரு வீட்டின் பின்புறத்துத் தகரக் கொட்டிலில்தான் போய் நிற்போம். ஒரு நீண்ட மேசை, வலைத்துணி இழுத்துக் கட்டிய நாலைந்து மரச் சட்டங்கள், மைப் பேணிகள், கயிற்றில் காயும் துணிகள். குழாய் இருக்காது. கிணற்றிலிருந்து அள்ளி வைத்த இரண்டு வாளித் தண்ணீர் மூலையில் இருக்கும்.

அந்த இரண்டு வாளியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

ஸ்கிரீன் அச்சு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: சட்டத்தில் மெல்லிய வலைத்துணி இருக்கிறது. எழுத்து விழ வேண்டிய இடத்தைத் திறந்துவைத்து மற்ற இடங்களை அடைத்துவிட வேண்டும். மேலே மையை ஊற்றி ரப்பர்ப் பலகையால் இழுத்தால், திறந்திருக்கும் துளைகளின் வழியே மட்டும் மை இறங்கும். அடைத்திருக்கும் அந்தப் படலத்தைத்தான் ஸ்டென்சில் என்கிறோம். இங்கே கழுவல் இரண்டு முறை வருகிறது. எழுத்தின் இடத்தைத் திறப்பதற்கு முதலில் ஒருமுறை. வேலை முடிந்த பின் ஸ்டென்சில் முழுவதையும் உரித்து, அதே சட்டத்தை அடுத்த வேலைக்கு எடுப்பதற்கு மறுபடியும் ஒருமுறை.

இந்த அச்சுமுறையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் படங்களைப் பற்றியும் ஓவியர்களைப் பற்றியும் நிறைய எழுதுவார்கள். கழுவியதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. ஆனால் எந்த ஊரில் யார் அச்சடிக்கலாம், எப்படி அடிக்கலாம் என்பதைத் தண்ணீர்தான் பல தடவை தீர்மானித்திருக்கிறது என்பது எமது எண்ணம்.

ஜப்பானிலிருந்து தொடங்கலாம். அங்கே துணிக்குச் சாயம் போடுகிறவர்கள் 'கதகாமி' என்ற காகித ஸ்டென்சிலை நூற்றாண்டுகளாகப் பாவித்தார்கள். முசுக்கட்டை இனத்து மரப்பட்டையிலிருந்து செய்த காகிதத்தை அடுக்கி, பனிச்சை இனத்து மரமொன்றின் காய்ச்சாற்றைப் பூசி ஒட்டி, புகையில் பதப்படுத்துவார்கள். அந்தச் சாற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் காகிதத்தைத் தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்க வைக்கும். இன்றைய சுசுகா நகரத்துக்குள் அடங்கும் ஷிரோகோ, ஜிகே என்ற இடங்கள் இந்த ஸ்டென்சில் வெட்டுவதற்கே பேர்போனவை. ஸ்டென்சிலைத் தண்ணீரில் ஊறவைத்து இளக்கிய பிறகே துணியின்மேல் வைப்பார்கள். பசையரிசி மாவும் தவிடும் கலந்த களியை அதன் வழியே தேய்ப்பார்கள். களி பிடித்த இடத்தில் சாயம் ஏறாது. பிறகு ஸ்டென்சிலையும் கழுவ வேண்டும், துணியையும் கழுவ வேண்டும். வீட்டுக்குள் அத்தனை தண்ணீருக்கு எங்கே போவது? ஆற்றுக்குத்தான் போனார்கள். கியோத்தோவில் கமோ நதி, கனசாவாவில் அசானோ நதி. நீளநீளமான துணிகளை ஓடும் ஆற்றில் விரித்துக் களியைக் கரைத்தார்கள். அதிலும் குளிர்கால நீர் நல்லதென்பார்கள். கை விறைத்துப்போகும் நீர். தோக்கியோவில் சாயக்காரர்கள் தெளிந்த நீரைத் தேடி ஆற்றின் மேற்பக்கமாகக் குடிபெயர்ந்து, கந்தா நதியும் மியோஷோஜி நதியும் சேரும் ஒச்சியாய்ப் பகுதியில் கூடினார்கள். தொழில் தண்ணீருக்குப் பின்னால் நடந்துபோனது.

அரிசிக் களி மட்டும் கரைந்தவரை ஆறு தாங்கியது. செயற்கைச் சாயங்கள் வந்து, நகரமும் பெருத்த பிறகு நிலைமை மாறியது. 1970இல் ஜப்பான் நீர் மாசடைதலைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. ஏறத்தாழ அந்தக் காலத்தோடு கமோ நதியில் துணி அலசும் காட்சியும் முடிந்தது. கனசாவாவில் தொழிற்கூடத்துக்குள்ளேயே நிலத்தடி நீரை ஓடவிட்டு ஒரு செயற்கை ஆறு அமைத்துக்கொண்டார்கள். சுற்றுலாப் படங்களில் அழகாகத் தெரியும் அந்த ஆற்றுக் கழுவலுக்குள் இப்படியொரு முடிவும் இருக்கிறது.

காகித ஸ்டென்சிலுக்கு ஒரு தொல்லை உண்டு. தமிழில் 'ன', 'ண' எழுதி வெட்டிப் பாருங்கள். சுழிக்குள் இருக்கும் துண்டு கையோடு கழன்று விழும். ஜப்பானியர் பட்டு நூலைக் குறுக்கே ஓடவைத்து அதைப் பிடித்துவைத்தார்கள். இங்கிலாந்தின் மன்செஸ்டரில் சாமுவேல் சைமன் என்பவர் பட்டு வலைத்துணியையே அச்சுத் திரையாகப் பாவிப்பதற்கு 1907இல் காப்புரிமை பெற்றார். சுழிக்குள் இருக்கும் துண்டு வலையிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். இன்று நாம் பார்க்கும் சட்டம் ஏறக்குறைய அதுதான்.

இந்த இடத்தில் சுவையான ஒரு திருப்பம். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் அமெரிக்கக் கூடங்கள் பலவற்றில் ஸ்டென்சிலைத் திறப்பதற்குத் தண்ணீர் ஆகாது! அங்கே ஓவியர்கள் பாவித்த ஒரு முறையைச் சொல்கிறோம். எண்ணெய்ப் பசையுள்ள கறுப்பு மையால் வலையில் நேரடியாகப் படம் வரைவார்கள். அது காய்ந்ததும் தண்ணீரில் கரைத்த வச்சிரப் பசையை முழுவதும் பூசுவார்கள். பசையும் காய்ந்த பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தால், வரைந்த மை கரைந்து மேலிருக்கும் பசையையும் கூட்டிக்கொண்டு கழன்றுவரும். வரைந்த இடம் திறந்துவிடும். மற்ற இடத்துப் பசைக்கு மண்ணெண்ணெய் ஒன்றும் செய்யாது. ஒரு துளி தண்ணீர் பட்டால்தான் கெட்டுப்போகும். 1938இல் நியூயோர்க்கில், அரசாங்கத்தின் கலைத் திட்டத்தின் கீழ் அந்தோனி வெலோனிஸ் என்பவரின் தலைமையில் ஸ்கிரீன் அச்சுப் பிரிவொன்று தொடங்கியது. பொருளாதார மந்த காலத்தில் வேலையில்லாத ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்த திட்டம் அது. பெரிய இயந்திரமும் வேண்டாம், தண்ணீர்த் தொட்டியும் வேண்டாம், ஒரு அறையும் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் போதும் என்பது அவர்களுக்கு எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்குச் சற்று முன்னர், 1930ஐ ஒட்டி, கத்தியால் வெட்டும் ஸ்டென்சில் படலம் வந்திருந்தது. ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் உருவான 'புரோபிலிம்' அரக்குப் பூசிய தாள். வெட்டி, வலையின்மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். சில ஆண்டுகளில் நியூயோர்க்கில் ஜோசப் உலானோ கொண்டுவந்த 'நுபிலிம்' தின்னர் பட்டால் ஒட்டும். இவற்றில் திறப்பதற்குக் கழுவவே வேண்டியதில்லை. உரிப்பதற்கும் மதுசாரமோ தின்னரோதான். தண்ணீர் மிச்சமானது உண்மை. பூட்டிய அறையில் நாள் முழுக்கத் தின்னர் ஆவியைச் சுவாசித்தவர்களின் தலைவலியை யாரும் கணக்கில் எழுதவில்லை.

(நமது மூத்த ஆசிரியர்கள் இதை வாசித்தால் ரோனியோ ஞாபகம் வரும். தட்டச்சில் மெழுகுத் தாளைக் குத்தி, உருளையில் மாட்டிச் சுற்றிய தவணைப் பரீட்சை வினாத்தாள்கள்! அதுவும் ஸ்டென்சில்தான். அதையும் கழுவ வேண்டியதில்லை. கைவிரலைத்தான் கழுவ வேண்டும்.)

அப்படியானால் தண்ணீர் எப்போது உள்ளே வந்தது? ஒளியோடு வந்தது. ஸ்கொட்லாந்துக்காரர் முங்கோ பொன்டன் 1839இல், பொற்றாசியம் இருகுரோமேற்றில் தோய்த்த காகிதம் வெயில் பட்டால் நிறம் மாறுவதைக் கண்டார். உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்கு அந்தச் செம்மஞ்சள் நிறம் மறந்திருக்காது. பிறகு பொக்ஸ் தால்பொட் அதை ஜெலட்டினோடு சேர்த்து, 1852இல் உலோகத் தகட்டில் படம் செதுக்கும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். ஒளி பட்ட ஜெலட்டின் இறுகும், படாத ஜெலட்டின் வெந்நீரில் கரையும். (ஜெலட்டின் என்றதும் ஹலாலா ஹராமா என்று கேட்க வேண்டாம், இது வலையில் பூசுவதற்கு.) 1910களில் அமெரிக்காவில் இதே விடயத்தை வலைத்துணிக்குக் கொண்டுவந்தார்கள். கத்தியால் வெட்ட முடியாத நுண்ணிய எழுத்தும் புகைப்படமும் இனி ஸ்கிரீனில் விழும். ஆனால் ஒளி காட்டியவுடன் கழுவியாக வேண்டும்.

என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். இருகுரோமேற்றில் உள்ளது ஆறு வலுவுள்ள குரோமியம். ஒளி பட்டால் அது மூன்று வலுவுள்ளதாகத் தாழ்த்தப்பட்டு ஜெலட்டினைப் பிணைத்து இறுக்குகிறது. அதாவது, வலையில் தங்கிவிடுவது பெருமளவுக்கு அபாயம் குறைந்த குரோமியம். ஒளி படாமல், ஆறு வலுவோடு, கரைந்து வாளிக்குள் விழுவதுதான் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. தோலில் பட்டால் ஒவ்வாமையும், ஆழமாக ஆறாத புண்ணும் வரும். இத்தொழிலின் நஞ்சு கழுவிய தண்ணீரில்தான் சேர்கிறது. குழாயும் வடிகாலும் உள்ள நகரத்தில் அது எங்கோ ஓடிப்போய்க் கண்ணுக்கு மறைந்துவிடும். வாளியில் கழுவுகிறவனுக்கு அது வாளியிலேயே நிற்கும்.

பின்னர் வந்த டயஸோ, போட்டோபொலிமர் இமல்ஷன்களில் குரோமியம் இல்லை. நிறையக் கூடங்கள் அவற்றுக்கு மாறிவிட்டன. ஆனாலும் விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக இருகுரோமேற்று தெற்காசியாவின் சிறு அச்சுக்கூடங்களிலிருந்து முற்றாகப் போய்விடவில்லை.

தண்ணீருக்கும் அச்சுக்கும் உள்ள உறவை மிகக் கடுமையாக உணர்ந்தவர்கள் தென்னாபிரிக்கர்கள் என்று சொல்லலாம். 1968 மே மாதம் பாரிஸ் மாணவர்கள் நுண்கலைக் கல்லூரியைக் கைப்பற்றி இரவு பகலாகச் சுவரொட்டி அடித்த கதை உலகம் முழுக்கத் தெரியும். குய் டி ரூஜ்மொன் என்ற ஓவியர்தான் அவர்களுக்கு ஸ்கிரீன் அச்சைக் காட்டிக்கொடுத்தார். அது தலைநகரின் நடுவே உள்ள அரசாங்கக் கல்லூரி. மேசையும் இருந்தது, தண்ணீரும் இருந்தது. நிறவெறி ஆட்சியின் கீழிருந்த கறுப்பினக் குடியிருப்புகளில் அப்படியா? பல வீடுகளுக்கு மின்சாரம் இல்லை, தண்ணீருக்குத் தெருவோரப் பொதுக்குழாய்.

நாட்டைவிட்டு வெளியேறிய தென்னாபிரிக்கக் கலைஞர்கள் எல்லைக்கு அப்பால், பொட்ஸ்வானாவின் தலைநகர் கபரோனில் 1970களின் இறுதியில் 'மெடு' என்ற கலைக் குழுவை அமைத்தார்கள். மெடு என்றால் வேர்கள். 1982இல் கபரோனில் பண்பாடும் எதிர்ப்பும் பற்றி ஒரு பெரிய மாநாட்டையும் நடத்தினார்கள். உள்ளேயிருந்து வந்தவர்கள் திரும்பிப் போனபோது சுவரொட்டி அடிக்கும் எண்ணத்தையும் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டே ஜொஹனஸ்பேர்க்கில் ஸ்கிரீன் அச்சுப் பயிற்சித் திட்டமொன்று தொடங்கியது. மெடு செய்த இன்னொரு வேலைதான் நமது கதைக்கு முக்கியம். ஸ்கிரீன் அச்சுக்கூடம் ஒன்றை முழுமையாக ஒரு சூட்கேசுக்குள் அடக்கினார்கள். சட்டம், ரப்பர்ப் பலகை, மை எல்லாம் உள்ளே. மின்சாரம் இல்லாத இடத்திலும் வேலை செய்யக்கூடிய வகையில் திட்டமிடப்பட்டது.

ஆசிரியர்கள் என்ற முறையில் அந்தச் சூட்கேஸ் எம்மைப் பெரிதும் கவர்கிறது. சூட்கேசுக்குள் எதையும் வைக்கலாம், ஆறு வலுவுள்ள குரோமியத்தைக்கூட வைக்கலாம், தண்ணீரை வைக்க முடியாது. ஆகவே தண்ணீர் குறைவாகத் தேவைப்படும் முறைகளுக்குத்தான் போக வேண்டும். வெட்டிய காகிதத்தை வலைக்கு அடியில் வைத்து மையை இழுத்தால் மையின் ஈரத்திலேயே காகிதம் ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் உரித்து எரித்துவிடலாம். கழுவலும் இல்லை, தடயமும் இல்லை. இன்னொன்றையும் ஊகிக்கத் தடையில்லை. அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இரகசியமாக அச்சடிக்கலாம். பொதுக்குழாயடியில் சிவப்பும் கறுப்புமாக மை வடியும் சட்டத்தை வைத்து இரகசியமாகக் கழுவ முடியுமா? காட்டிக்கொடுப்பது கழுவல்தான்.

1985 ஜூன் 14ஆம் திகதி அதிகாலை தென்னாபிரிக்க இராணுவம் எல்லை தாண்டிக் கபரோனுக்குள் புகுந்தது. 12 பேர் கொல்லப்பட்டார்கள். மெடுவின் முன்னணி ஓவியர் தாமி ம்னியேலே அவர்களில் ஒருவர். குழு அத்தோடு சிதறியது. அடுத்தடுத்து அவசரகாலச் சட்டங்கள் வந்தன. ஆனாலும் சுவரொட்டிகள் நிற்கவில்லை.

இனி நமது தகரக் கொட்டிலுக்கு வருவோம். குழாய் இல்லாமல் ஒளி ஸ்டென்சிலைக் கழுவவே முடியாது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒளி படாத இமல்ஷன் கரைவதற்கு வேகத்தைவிட நேரமே அதிகம் வேண்டும். சட்டத்தின் இரு பக்கமும் நன்றாக நனைத்துவிட்டு ஓரிரு நிமிடம் சும்மா விட்டால் அது ஊதி இளகும். அதன்பின் மெல்லிய தூவல் போதும். பூஞ்செடிக்கு அடிக்கும் கைவிசிறி, இல்லாவிட்டால் வயலுக்கு மருந்தடிக்கும் தாங்கி வகையில் புதிதாக ஒன்று. (மருந்தடித்த பழையதை எடுத்துவிடாதீர்கள்.) கெட்டிக்காரத் தொழிலாளிகள் மூன்று பேசின் வைத்திருப்பார்கள். முதலாவதில் ஊறல், இரண்டாவதில் ஸ்பொஞ்சால் தடவல், மூன்றாவதில் தெளிந்த நீரால் கடைசித் தூவல். இந்தக் கடைசி நீர் சுத்தமாக இருக்கவேண்டும். கலங்கிய நீர் பட்டால் திறந்த துளைகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் காய்ந்துபோய், அடிக்கும்போது எழுத்து பாதியில் நிற்கும். மூன்றாவது பேசினில் விழுந்த நீர் அடுத்த சட்டத்துக்கு முதற்பேசின் நீராகும்.

வெயிலும் ஒரு பிரச்சினை. கழுவி முடியும்வரை அந்த இமல்ஷனுக்கு ஒளி ஆகாது. பட்டப்பகலில் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனால், வாளியில் அள்ளுவதற்குள் எழுத்தின் இடமும் இறுகிவிடும். அதனால்தான் பலர் மக்ரிபுக்குப் பிறகு கழுவுகிறார்கள், அல்லது ஒரு மூலையைச் சாக்கால் மறைத்து மஞ்சள் மின்குமிழ் போட்டுக்கொள்கிறார்கள். பகலில் ஏன் கொட்டில் பூட்டியிருக்கிறது, இரவில் ஏன் வெளிச்சம் தெரிகிறது என்று அயலவர் சந்தேகப்பட்டால் காரணம் இதுதான்.

உண்மையில் தண்ணீர் தின்பது இரண்டாவது கழுவல், ஸ்டென்சிலை உரிப்பது. இன்று பொதுவாகச் சோடியம் பேரயடேற்றுக் கரைசலைப் பூசி, இமல்ஷன் இளகியதும் வேகமாக நீரடிப்பார்கள். பூசியதைக் காயவிட்டால் போச்சு, பிறகு எந்த மருந்துக்கும் அசையாது. வாளியும் பிரஷ்ஷுமாக நிற்கிறவர்களுக்கு இது பெரிய பாடு. ஆகவே சிலர் உரிப்பதே இல்லை. பாடசாலை இலச்சினையின் சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு வருடா வருடம் அதையே அடிக்கிறார்கள். சில பாடசாலைகளின் இலச்சினை வருடத்துக்கு வருடம் மங்கிக்கொண்டு போவதன் இரகசியமும் இதுவாக இருக்கலாம்!

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? காத்தான்குடி, மருதமுனை, கற்பிட்டி, மன்னார் என்று நம்மில் பலர் வாழ்வது மணல் நிலத்தில். மணலில் ஊற்றியது நொடியில் காணாமல் போய்விடும், சுத்தமாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் சில அடி ஆழத்தில் நாம் குடிக்கும் நீரும் அதே மணலில்தான் நிற்கிறது. கற்பிட்டியிலும், சுண்ணக்கல் நிலமான யாழ்ப்பாணத்திலும் நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன. பசளையும் மலசலகூடக் குழியும் கிணறுவரை போகும் என்றால் அச்சுக்கூடத்தின் வாளி மட்டும் போகாதா? கிணற்றிலிருந்து பத்தடி தூரத்தில் கழுவி, அதே கிணற்றில் மறுநாள் தேநீருக்கு அள்ளுகிற வீடுகள் இருக்கின்றன. கழுவுகிறவர் பெரும்பாலும் அந்த வீட்டுக்காரர்தான், அல்லது அவருடைய மகன், சில இடங்களில் எமது வகுப்பிலேயே படித்துவிட்டு விலகிப்போன பிள்ளை.

செய்யக்கூடியது பெரிய விடயமல்ல. முதலில் இருகுரோமேற்றை விட்டுவிட வேண்டும். செம்மஞ்சள் பளிங்குத் துகளைத் தண்ணீரில் கரைத்துப் பசையோடு கலக்கிறார்கள் என்றால் அது அதுதான். டயஸோ இமல்ஷனுக்குக் கொஞ்சம் கூடச் செலவாகும். ரீசேர்ட்டுக்குப் பத்து ரூபா குறைக்கச் சொல்லி நாம் பேரம் பேசும்போது அந்தப் பத்து ரூபா எங்கிருந்து குறைகிறது என்பதையும் நினைத்துக்கொள்வது நல்லது. அடுத்தது, கழுவிய நீரை உடனே ஊற்றாமல் ஒரு பீப்பாயில் விட்டுவைப்பது. ஓரிரு நாளில் கணிசமான அளவு சேறாக அடியில் படியும். மேல்நீரைப் பழைய சாரத்துணியால் வடித்து, மறுபடியும் முதற்பேசினுக்கு எடுக்கலாம். இருகுரோமேற்றுக் கலந்த நீருக்கு இந்த வைத்தியம் சரிவராது, குரோமியம் கரைந்தே இருக்கும், வடிகட்டலில் அகப்படாது. சேற்றைத் தகரத்தில் பரப்பி வெயிலில் காயவைத்தால் ரப்பர்த் தோல் போலச் சுருண்டு வரும். அதைப் பொதி கட்டிக் குப்பையோடு கொடுக்கலாம். கிணற்றுப் பக்கமும் வாய்க்கால் பக்கமும் போகக் கூடாது, அவ்வளவுதான்.

பெயர் மட்டும் அடிக்க வேண்டிய ரீசேர்ட்டுக்கு ஒளி ஸ்டென்சிலே தேவையில்லை. 'ன', 'ண' எல்லாம் வலையில் ஒட்டிக்கொள்ளும், காகிதத்தில் வெட்டினாலே போதும். சித்திரப் பாட ஆசிரியர்கள் மனம் வைத்தால் தரம் 9 பிள்ளைகளைக் கொண்டே இரண்டு பாடவேளையில் செய்துவிடலாம். சட்டமும் ரப்பர்ப் பலகையும் கொட்டில்காரரிடம் ஒருநாள் இரவல் கேட்டால் தருவார்.

உங்கள் ஊரில் தேர்தல் பெனரும் கல்யாணக் கார்ட்டும் கையால் ஸ்கிரீன் அடித்த பழைய தொழிலாளிகள் இருப்பார்கள். அவர்கள் எந்த நீரில் கழுவினார்கள், என்ன மருந்து பாவித்தார்கள், கைக்கு என்ன ஆனது என்று ஒருதடவை கேட்டு எழுதுங்கள். அந்தச் சட்டங்கள் இன்னும் கூரை வளையில் செருகியிருந்தால் ஒரு படமும் எடுத்துப் போடுங்கள்.